ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு ஒரு கவுன்சில்: கூபர் பீடியின் அறிவிப்புப் பலகையைப் படிப்பது எப்படி?

செவ்வாய்க்கிழமை காலை இன்ன தெருவில் தண்ணீர் வராது. வரைவு பட்ஜெட் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. கருத்துச் சொல்ல 21 நாள் அவகாசம். நாய் வளர்ப்பவர்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மழையால் ஊட்னடட்டா சாலை மூடப்பட்டிருக்கிறது. சனிக்கிழமை இரவு டிரைவ்-இன் திரையரங்கில் படம்.

ஆஸ்திரேலியாவின் நடுவே விரிந்து கிடக்கும் வறண்ட நிலத்தை அவுட்பேக் என்பார்கள். அங்கே இருக்கும் ஒரு சிற்றூரின் செய்தி பெரும்பாலும் இந்த மாதிரி ஐந்தாறு வரிகள்தான். வெளியாள் கண்ணுக்கு இதில் சுவாரசியமாக எதுவும் படாது. ஊரில் இருப்பவருக்கோ ஒவ்வொரு வரியும் கையைச் சுடும் விஷயம். யார் முடிவெடுத்தார்கள், யார் பணம், யாரிடம் போய்க் கேட்பது என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு வரியிடமும் கேட்டுப் பார்த்தால், அவுட்பேக்கில் உள்ளாட்சி எப்படி இயங்குகிறது என்பது தானாக விளங்கிவிடும். அதற்குத் தென் ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியைவிட நல்ல ஊர் எனக்குத் தெரிந்து இல்லை.

அடிலெய்டு நகரிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடக்கே 846 கி.மீ. போனால் கூபர் பீடி வரும். 1915 பிப்ரவரியில், தங்கம் தேடி வந்த குழுவோடு இருந்த வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுப் பையன் இங்கே தரையில் ஓப்பல் என்ற ரத்தினக் கல்லைக் கண்டான். அன்றிலிருந்து ஓப்பல்தான் ஊரின் பிழைப்பு. கோடையில் வெயில் 45 டிகிரியை எட்டும் என்பதால், மண்ணுக்குள் குடைந்த டக்அவுட் வீடுகளில் பலர் வசிக்கிறார்கள். உள்ளே கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ 24 டிகிரிதான். இப்பகுதிப் பழங்குடி மொழியின் 'குப்பா பிட்டி' என்ற சொல்லிலிருந்து ஊர்ப் பெயர் வந்தது. வெள்ளைக்காரர்கள் தோண்டிய குழி என்று பொதுவாகப் பொருள் சொல்வார்கள். சுற்றிலும் உள்ள நிலத்தின் பூர்வகுடிகளான அண்டகிரிஞ்ஞா மாட்டு-யங்குனிட்ஜட்ஜாரா மக்களின் நில உரிமையை 2011-இல் நீதிமன்றம் ஏற்றது. இன்று ஊரில் இருப்பவர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில். இந்த எண்ணிக்கையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

ஆஸ்திரேலியாவில் மூன்று அடுக்கு ஆட்சி. கான்பெராவில் கூட்டாட்சி அரசு, அதன் கீழ் மாநில அரசு, அதற்கும் கீழே கவுன்சில் என்று எல்லோரும் சொல்லும் உள்ளாட்சி மன்றம். நாடு முழுவதும் 537 கவுன்சில்கள். தென் ஆஸ்திரேலியாவில் மட்டும் 68. ஆனால் முதல் இரண்டு அடுக்குக்கும் மூன்றாவதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலிய அரசமைப்புச் சட்டத்தில் உள்ளாட்சிக்கு இடமே கிடையாது. அதைச் சேர்க்கலாமா என்று 1974-இலும் 1988-இலும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டு முறையும் தோற்றது. ஆகவே கவுன்சில் என்பது மாநிலச் சட்டம் பெற்ற பிள்ளை. தென் ஆஸ்திரேலியாவில் 1999-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அதன் கடமைகளையும் எல்லைகளையும் வகுக்கிறது. மாநிலம் கொடுத்த அதிகாரத்தை மாநிலமே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். கூபர் பீடிக்கு அதுவும் நடந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கவுன்சிலின் வேலை என்னவென்று கேட்டால் ஆஸ்திரேலியர்கள் மூன்று சொற்களில் முடித்துவிடுவதுண்டு: வரி, சாலை, குப்பை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் மாநில அரசின் பொறுப்பு. ஓய்வூதியம், குடியேற்றம் கான்பெராவின் பொறுப்பு. ஊருக்குப் புதிதாக வருபவர் இதை முதலில் தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம். டாக்டர் இல்லை என்ற கோபத்தோடு கவுன்சில் அலுவலகத்துக்குப் போனால், அங்கே இருப்பவர் அனுதாபப்பட முடியுமே தவிர டாக்டரைப் போட முடியாது.

பலகையின் சாலை வரியை எடுத்துக்கொள்வோம். கூபர் பீடியிலிருந்து ஊட்னடட்டாவுக்கு 200 கி.மீ. அளவுக்குத் தார் போடாத மண் சாலை. நல்ல மழை பெய்தால் அது களியாகக் குழைந்துவிடும். அதில் வண்டி ஓட்டினால் பாதை பாழாகும் என்பதால் மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் போனால் அபராதம் உண்டு. ஆனால் அந்தச் சாலை கவுன்சிலுடையது கிடையாது, மாநிலத்தின் போக்குவரத்துத் துறையுடையது. கவுன்சிலின் எல்லை ஊரையும் அதைச் சுற்றியுள்ள 78 சதுர கி.மீ. அளவையும் மட்டுமே கொண்டது. பலகையில் ஒட்டியவர் ஒருவர், பொறுப்பாளி வேறொருவர். இப்படிப்பட்ட வரிகள் அவுட்பேக்கில் நிறைய வரும்.

அந்த 78 சதுர கி.மீ.க்கு வெளியே யார் ஆட்சி? அங்கே கவுன்சிலே இல்லை. தென் ஆஸ்திரேலியாவின் நிலப்பரப்பில் பெரும்பகுதி எந்தக் கவுன்சிலிலும் சேராதது. மர்ரீ, ஊட்னடட்டா, ஆண்டமூக்கா போன்ற ஊர்கள் அந்தப் பரப்பில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு அவுட்பேக் சமூகங்கள் ஆணையம் என்ற மாநில அமைப்பு கைகொடுக்கிறது. ஊருக்குள் நடக்க வேண்டிய காரியங்களை ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் முன்னேற்றச் சங்கங்கள் பார்த்துக்கொள்கின்றன. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பேர்ட்ஸ்வில் ஊரை உள்ளடக்கிய டயமண்டினா கவுன்சிலுக்கு ஏறத்தாழ 95,000 சதுர கி.மீ. நிலம், மக்களோ சில நூறு பேர். எது நல்ல முறை என்று என்னைக் கேட்டால், நிலத்தின் அளவைவிட ஆளின் எண்ணிக்கைதான் இரண்டிலும் கழுத்தைப் பிடிக்கிறது என்பேன்.

கூபர் பீடியும் ஒரு காலத்தில் சங்கத்தை வைத்தே நடந்த ஊர்தான். ஓப்பல் தோண்டுபவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்த முன்னேற்றச் சங்கம் ஊரின் பொதுக் காரியங்களைக் கவனித்து வந்தது. 1980-களில்தான் முறையான கவுன்சில் வந்தது. மற்றக் கவுன்சில்கள் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத இரண்டு பெரிய சுமைகளை அது தலையில் ஏந்தியது: தண்ணீர், மின்சாரம்.

தென் ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான ஊர்களுக்கு எஸ்.ஏ. வாட்டர் என்ற மாநில நிறுவனம் குடிநீர் தருகிறது. அடிலெய்டில் இருப்பவருக்கும் தொலைவில் இருப்பவருக்கும் ஒரே விலை என்பது அதன் கொள்கை. கூபர் பீடி அந்த ஏற்பாட்டுக்கு வெளியே வளர்ந்த ஊர். ஆண்டு மழை 150 மி.மீ. அளவில்தான், பக்கத்தில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. ஊருக்கு வெளியே 25 கி.மீ. தூரத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டி, உவர்நீரை எடுத்து, எதிர்ச்சவ்வூடு முறையில் உப்பை நீக்கி, குழாய் வழியே ஊருக்குள் கொண்டுவர வேண்டும். பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்து வந்தது கவுன்சில்தான். கிணறு, ஆலை, குழாய், மீட்டர், பில் என எல்லாம் அதன் தலையில். செலவு பயனாளிகள் மேல்தான் விழுந்தது. அதனால் மாநிலத்திலேயே விலை அதிகமான தண்ணீர் இவர்களுடையது என்ற மனக்குறை ஊரில் நெடுங்காலமாக உண்டு. குழாய்களுக்கும் வயதாகிவிட்டது. பூமிக்கடியில் கசியும் ஒவ்வொரு லிட்டரும் ஏற்கெனவே பணம் செலவழித்து உப்பு நீக்கிய நீர். 'செவ்வாய்க்கிழமை தண்ணீர் வராது' என்ற வரிக்குப் பின்னால் இருப்பது இந்தக் குழாய்கள்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய குழாய்களை மாற்ற ஒரு கோடி டாலர் ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேர் உள்ள நகரில் அது தலைக்கு 100 டாலர். ஆயிரத்து ஐந்நூறு பேர் உள்ள ஊரில் தலைக்கு 6,600 டாலருக்கு மேல். குழாய் ஒன்றுதான், மண் வெட்டும் கூலி ஒன்றுதான். சுமக்கும் தோள்கள் குறைவு. தொலைவூர்க் கவுன்சில்களின் பட்ஜெட்டை எடுத்துப் பார்க்கும் எவரும் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதுதான். நிர்வாகம் எவ்வளவு திறமையாக நடந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் கட்டும் சொத்து வரி ஒன்று. அங்கே அதை ரேட்ஸ் என்பார்கள். சொத்தின் மதிப்பை வைத்து ஆண்டுக்கொரு முறை விதிப்பது. கூபர் பீடி போன்ற ஊரில் வீட்டு விலை குறைவு என்பதால், விகிதத்தைக் கூட்டினாலும் அதிகம் தேறாது. அடுத்து, கூட்டாட்சி அரசு 1970-களின் நடுவிலிருந்து கவுன்சில்களுக்குத் தரும் நிதியுதவி மானியம். மாநிலத்தில் ஒரு மானிய ஆணையம் இருக்கிறது. எந்தக் கவுன்சிலுக்குத் தூரம், சாலை நீளம், மக்கள் எண்ணிக்கை காரணமாகக் கூடுதல் செலவு ஆகிறது என்று கணக்கிட்டு அந்த ஆணையம் பங்கு பிரிக்கும். நகரத்துக் கவுன்சிலுக்குக் கிடைப்பதைவிடத் தொலைவூருக்குத் தலைக்கு அதிகமாகவே கிடைக்கும். இதைச் சலுகை என்று சிலர் பேசுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். 846 கி.மீ. தூரத்தில் ஒருவர் வாழ்வதால்தான் அந்த நெடுஞ்சாலையில் பெட்ரோலும் சாப்பாடும் ஆம்புலன்சும் கிடைக்கின்றன.

நிதியாண்டு ஜூலை முதல் தேதி தொடங்கும். அதற்கு முன்பாக வரைவு ஆண்டுத் திட்டத்தையும் பட்ஜெட்டையும் வெளியிட்டு, குறைந்தது 21 நாள் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். பலகையின் இரண்டாவது வரி இதுதான். ஆண்டில் ஒரே ஒரு கவுன்சில் ஆவணத்தைப் படிக்க நேரம் இருந்தால் இந்த வரைவைப் படியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வரி எவ்வளவு ஏறும், எந்தத் தெருவைச் சரிசெய்வார்கள், எதைத் தள்ளிப்போடுவார்கள் என்பது அதில் இருக்கும். எழுதிக் கொடுத்தால் அது பதிவாகும்; மன்றம் அதைப் பார்த்தாக வேண்டும்.

இப்போது மின்சாரம். தேசிய மின்கட்டமைப்பின் கம்பிகள் கூபர் பீடிவரை எட்டாது. நெடுங்காலம் டீசல் இயந்திரங்கள் ஓடித்தான் ஊரில் விளக்கெரிந்தது. மாநில அரசின் மானியம் இல்லாமல் அந்தக் கட்டணத்தை யாராலும் கட்டியிருக்க முடியாது. 2017-இல் 4 மெகாவாட் காற்றாலை, 1 மெகாவாட் சூரியத் தகடுகள், 1 மெகாவாட் மின்கலம் ஆகியவற்றை டீசலோடு இணைத்த கலப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. கூட்டாட்சி அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையும் அதற்கு நிதி தந்தது. ஊரின் மின்தேவையில் சராசரியாக 70 சதவீதம் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் என்பது இலக்கு. காற்று பலமாக வீசும் நாள்களில் டீசல் இயந்திரம் முழுதாகவே நின்றுபோகும். இவ்வளவு சிறிய ஊருக்கு இது பெரிய காரியம். பொறியியலைப் பார்த்தால் கைதட்டத்தான் தோன்றுகிறது.

சிக்கல் பொறியியலில் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தது. நிலையத்தை நடத்தும் தனியார் நிறுவனத்திடமிருந்து 20 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்குவதாகக் கவுன்சில் கையெழுத்திட்டிருந்தது. ஒரு சிறிய கவுன்சிலுக்கு அது மலைபோன்ற பொறுப்பு. அந்த முடிவு எடுக்கப்பட்ட முறையை மாநிலத்தின் குறைதீர்ப்பாளர் விசாரித்துக் குறை கண்டார். கவுன்சிலின் நிதி நிலைமையும் மோசமாகியிருந்தது. 2019 ஜனவரியில் மாநில அரசு கூபர் பீடியைக் கடமை தவறிய கவுன்சில் என்று அறிவித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் உறுப்பினர்களும் ஒதுக்கப்பட்டு, அவர்கள் இடத்தில் ஒரே ஒரு நிர்வாகி அமர்த்தப்பட்டார். நம் ஊர்ப் பக்கம் உள்ளாட்சித் தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலர் வருவாரே, ஏறத்தாழ அது மாதிரி. 2022 நவம்பரில் தென் ஆஸ்திரேலியாவின் மற்றக் கவுன்சில்களுக்குத் தேர்தல் நடந்தபோது கூபர் பீடிக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

கணக்கைச் சீர்செய்ய வேறு வழி இல்லை என்ற வாதம் எனக்குப் புரிகிறது. கடன் ஏறிய ஒரு கவுன்சிலை அப்படியே விட்டால் கடைசியில் தண்ணீரும் விளக்கும் நின்றுபோகும். ஆனாலும் தன் தெருவில் வசிக்கும், கடையில் எதிர்ப்படும், நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கக்கூடிய ஓர் உறுப்பினர் இல்லாமல் ஓர் ஊர் ஆண்டுக்கணக்கில் நடப்பது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். எண்ணூறு கி.மீ.க்கு அப்பால் இருக்கும் தலைநகரத்தால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

நிர்வாகி இருந்தாலும் ஒன்று மட்டும் மாறாது: கூட்டம் மூடிய அறையில் நடக்கக் கூடாது. சட்டப்படி கவுன்சில் மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும். கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். கூட்டம் முடிந்து ஐந்து நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பு வெளிவர வேண்டும். முதல் தடவை இந்தக் குறிப்புகளைப் படிப்பவருக்கு அலுப்புத் தட்டும், நடையே அப்படி. ஒரு வழி சொல்கிறேன். முதலிலிருந்து படிக்காமல், 'தீர்மானிக்கப்பட்டது' என்று முடியும் இடங்களை மட்டும் தேடுங்கள். பிறகு ஒவ்வொரு தீர்மானத்துக்கும் இணைத்திருக்கும் அதிகாரியின் அறிக்கைக்குப் போங்கள். வேறு என்னென்ன வழிகள் யோசிக்கப்பட்டன, செலவு என்ன, அபாயம் என்ன என்பது அங்கேதான் இருக்கும்.

சில விஷயங்கள் வரும்போது பொதுமக்களை வெளியேறச் சொல்வார்கள். தனிப்பட்ட ஒருவரின் விவகாரம், டெண்டர், சட்ட ஆலோசனை, வணிக ரகசியம் போன்றவற்றுக்குச் சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் எந்தக் காரணத்தால் மூடினார்கள் என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும். கூபர் பீடியின் அனுபவத்தைப் பார்த்த பிறகு, ஒரு கவுன்சில் எத்தனை முறை கதவைச் சாத்துகிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம் என்பேன். முடிவு ஒன்று தவறு என்று பட்டால், அதை மறுபரிசீலனை செய்யும்படி கவுன்சிலிடமே எழுதிக் கேட்கலாம். அதற்கும் மசியாவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை.

வாக்குரிமையில் புதியவர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் கூட்டாட்சி, மாநிலத் தேர்தல்களில் வாக்களிப்பது கட்டாயம். தென் ஆஸ்திரேலியாவின் கவுன்சில் தேர்தலில் கட்டாயம் இல்லை. வாக்குச்சீட்டு தபாலில் வரும், நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் அனுப்புகிறார்கள். இன்னொன்று, குடியுரிமை இல்லாதவரும் அந்தக் கவுன்சில் எல்லைக்குள் ஒரு மாதம் குடியிருந்தால், விண்ணப்பம் கொடுத்துப் பட்டியலில் சேர்ந்து வாக்களிக்கலாம். வேலைக்காக விசாவில் வந்து தொலைவூர்களில் இருப்பவர்களுக்கு, அந்நாட்டில் கிடைக்கும் முதல் வாக்கு இதுவாகவே இருக்கும். அந்த மாநிலத்தின் அடுத்த கவுன்சில் தேர்தல் காலம் 2026 நவம்பர்.

நாய்ப் பதிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் மாநிலத்துடையது, அமல்படுத்துவது கவுன்சில்.

இனி ஊர்ச் செய்திகள். கவுன்சில் அறிவிப்பும் ஊர்ச் செய்தியும் தொலைவூரில் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கும். 2022 ஜனவரி கடைசியில் தென் ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதியில் பேய்மழை கொட்டியது. கூபர் பீடிக்குத் தெற்கே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வெள்ளத்தில் மூழ்கியது. ரயில் பாதையும் அரித்துக்கொண்டு போனது. அடிலெய்டிலிருந்து லாரி வராவிட்டால் ஊரின் கடை அலமாரி சில நாளில் காலி. கடைசியில் விமானப் படையின் விமானங்களில் ஏறத்தாழ 20 டன் உணவுப் பொருள் ஊருக்கு வந்து இறங்கியது. அந்த விமானம் இறங்க ஓடுபாதை வேண்டும் அல்லவா? கூபர் பீடியின் விமான நிலையமும் கவுன்சில் பொறுப்பில் இருந்த சொத்துதான். பறக்கும் டாக்டர் சேவையின் விமானம் நோயாளியை ஏற்றிக்கொண்டு போவதும் அங்கிருந்துதான். சாதாரண நாளில் பட்ஜெட் தாளில் 'ஓடுபாதைப் பராமரிப்பு' என்று ஒரு வரியாக இருப்பதன் பொருள் அந்த வாரம் ஊர் முழுவதற்கும் தெரிந்திருக்கும்.

விளையாட்டுச் செய்தியும் அப்படித்தான். ஊரின் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து அணிக்கு 'செயின்ட்ஸ்' என்று பெயர். லீக் ஆட்டங்கள் ராக்ஸ்பி டவுன்ஸ் என்ற ஊரில். ஓர் ஆட்டத்துக்குப் போய்வர 900 கி.மீ. பயணம். 'இந்த வாரம் பஸ் இத்தனை மணிக்குக் கிளம்பும்' என்ற அறிவிப்பைத் தவறவிட்டால் ஆட்டமே இல்லை.

பலகையில் கடைசி வரி டிரைவ்-இன். 1965-இல் தொடங்கிய திரையரங்கு. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கலாம். நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். டிக்கெட் கிழிப்பதும் தின்பண்டம் விற்பதும் ஊர்க்காரர்கள்தான். ஓப்பல் தோண்டுபவர்கள் பாறையை வெடி வைத்துத் தகர்ப்பவர்கள். வண்டியில் வெடிமருந்து கிடப்பது அங்கே அதிசயம் இல்லை. அதனால் படம் தொடங்கும் முன் திரையில் ஓர் அறிவிப்பு போடுவார்கள்: திரையரங்குக்குள் வெடிபொருள் கொண்டுவரக் கூடாது.